இரண்டாம் வீராங்கனை எங்கே?

2010 அக்டோபரில் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் டென்னிஸ் முதன்முறையாக இடம்பெற்றது. ஆர்.கே. கன்னா அரங்கில் நடந்த பெண்கள் இரட்டையர் பிரிவில் தங்கமும் வெள்ளியும் ஆஸ்திரேலிய இணைகளுக்குப் போயின. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வலையின் இரு பக்கமும் இந்தியர்களே நின்றார்கள். ஒரு பக்கம் சானியா மிர்சாவும் ருஷ்மி சக்ரவர்த்தியும். எதிர்ப்பக்கம் நிருபமா சஞ்சீவும் பூஜாஸ்ரீ வெங்கடேஷாவும். சானியா, ருஷ்மி இணை வென்றது.

பதக்கப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்துபோன இந்த ஆட்டத்துக்குள் இந்தியப் பெண்கள் டென்னிஸின் நிலை முழுவதும் அடங்கியிருந்தது. நிருபமா சஞ்சீவ் என்பவர் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிச்சினியை வென்று, ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்ற இடத்தைப் பெற்றவர். திருமணமாகி, தாயாகி, அமெரிக்காவில் குடியேறி, தொழில்முறை ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து டெல்லிக்காக மட்டையைத் திரும்ப எடுத்திருந்தார். அவருக்கு அப்போது 33 வயது. ருஷ்மியும் அதே வயதுக்காரர். சானியாவுக்கு 23. ஒரு நாடு தன் சொந்த மண்ணில் இரண்டு பெண்கள் இணைகளை இறக்க, முப்பதைத் தாண்டிய இருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இருவரின் உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டியவர்கள் எங்கே என்ற கேள்வியையும் அந்த ஆட்டம் எழுப்பியது.

இந்தியப் பெண்கள் டென்னிஸின் முதல் உலகப் பட்டங்கள் இரட்டையர் ஆட்டத்தில்தான் வந்தன. அந்தப் பட்டங்களை வென்றவர் சானியா மிர்சா. அவருடைய இரட்டையர் வாழ்க்கையை ஒரு தனிமனிதச் சாதனையாகப் படிப்பது எளிது. யாரோடு சேர்ந்து வென்றார், யாரோடு சேர்ந்தபோது தோற்றார் என்ற கோணத்தில் அதே வாழ்க்கையைப் படித்தால், ஒரு நாட்டின் விளையாட்டு அமைப்பைப் பற்றிய தெளிவான சாட்சியம் கிடைக்கிறது.

வீடு வளர்த்த ஆட்டம்

அகில இந்திய டென்னிஸ் சங்கம் 1920இல் உருவானது. நான்கே ஆண்டுகளில், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், இந்திய அணியில் நோரா பாலி என்ற பெண் ஆடினார். ஒற்றையரிலும், சிட்னி ஜேக்கப்புடன் கலப்பு இரட்டையரிலும் அவர் களமிறங்கினார். அடுத்து வந்தவர்களில் ஒருவர் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண் ஜென்னி சாண்டிசன். அவர் விம்பிள்டன் வரை சென்றார்.

1934இல் லீலா ராவ் விம்பிள்டன் ஒற்றையர் முதல் சுற்றில் இங்கிலாந்தின் கிளாடிஸ் சவுத்வெல்லை வென்றார். விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். லீலாவின் தாய் பண்டிதை க்ஷமா ராவ், சமஸ்கிருதத்தில் கவிதையும் கதையும் எழுதிய புகழ்பெற்ற எழுத்தாளர். அவரும் டென்னிஸ் ஆடியவர். தந்தை பம்பாயின் மருத்துவர். படிப்பும் பணமும் துணிச்சலும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்ததால்தான் அந்த நாளில் ஒரு பெண் லண்டன் புல்தரை வரை போக முடிந்தது. லீலா பின்னர் நடனம் பற்றி எழுதினார்; தூதரக அதிகாரி ஹரீஷ்வர் தயாளை மணந்து, கணவரின் பணியோடு நேபாளம் வரை சென்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பாதை மாறவில்லை. 1952இல் ரீட்டா டாவர் விம்பிள்டன் ஜூனியர் பெண்கள் இறுதிப்போட்டிவரை போனார். இரண்டு ஆண்டு கழித்து அதே விம்பிள்டனில் ஜூனியர் ஆண்கள் பட்டத்தை ராமநாதன் கிருஷ்ணன் வென்றார். கிருஷ்ணனுக்குப் பின்னால் ஒரு டேவிஸ் கோப்பை அணியும், ஜெய்தீப் முகர்ஜி, பிரேம்ஜித் லால் போன்ற தோழர்களும் எழுந்தார்கள். 1966இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்கே போனது. பெண்களுக்கு அப்படி ஆண்டுதோறும் கூடி ஆடும் அணி இல்லை. பெண்களுக்கான ஃபெடரேஷன் கோப்பை (பின்னாளில் ஃபெட் கோப்பை) 1963இல் தொடங்கியது. இந்தியா அதில் முதன்முதலாக ஆடியது 1991இல். நடுவே கழிந்த 28 ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஆட்டக்காரிகள் தேசிய அணி என்ற ஒன்றையே காணாமல் ஆடி முடித்துவிட்டார்கள்.

அந்தத் தலைமுறையின் தலைசிறந்தவர் நிருபமா மன்கட். பலமுறை தேசிய வாகை சூடியவர். 1971 விம்பிள்டனில் கலப்பு இரட்டையரில் ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து ஆடினார். அவருடைய தந்தை டென்னிஸ் ஆட்டக்காரர். கணவர் அசோக் மன்கட் கிரிக்கெட் வீரர். மகன் ஹர்ஷ் மன்கட் டேவிஸ் கோப்பையில் ஆடினார். கோவை நிருபமாவுக்கும் தந்தையே பயிற்சியாளர். சானியாவுக்கும் தந்தை இம்ரான் மிர்சாவே முதன்மை வழிகாட்டி.

இந்த வரிசையில் ஒரு பொது அம்சம் உண்டு. ஒவ்வொருவரையும் வளர்த்தது வீடு. குடும்பம் தன் சேமிப்பையும் நேரத்தையும் கொட்டி ஒரு மகளை உயர்த்த முடியும். அந்த மகளுக்குப் பக்கத்தில் நிற்க, அதே தரத்தில் இன்னொரு வீட்டின் மகளையும் உருவாக்குவது எந்தக் குடும்பத்துக்கும் இயலாத காரியம். அது சங்கத்தின் வேலை, அரசின் வேலை. இரட்டையர் ஆட்டம் அந்த வேலை நடந்ததா இல்லையா என்பதை மறைக்க இடம் தராமல் காட்டிவிடுகிறது.

இரட்டையர் ஏன் வாய்ப்பளித்தது

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. அதாவது ஒற்றையரில் ஒருவர் 27 அடி அகலத்தைத் தனியாகக் காக்க வேண்டும். இரட்டையரில் ஒருவர் பங்குக்கு 18 அடிதான் வருகிறது. ஓடிக் களைப்பது குறைகிறது. மாறாக, எதிராளியின் சர்வீஸைக் கூர்மையாகத் திருப்புவது, வலையருகே கண்ணிமைக்கும் நேரத்தில் வாலி அடிப்பது, தோழி நகரும் திசையை முன்கூட்டியே உணர்ந்து இடத்தை நிரப்புவது ஆகியவற்றின் மதிப்பு கூடுகிறது.

சானியாவின் முன்கை அடி அவர் காலத்தின் மிக வலிமையான அடிகளில் ஒன்று. 2005இல் ஹைதராபாத்தில், பெண்கள் தொழில்முறைச் சுற்றான டபிள்யூ.டி.ஏ.வின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்றுவரை போனார். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடத்தைத் தொட்டார். ஆனால் மணிக்கட்டும் முழங்காலும் தொடர்ந்து படுத்தின. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. 2013இல் ஒற்றையரை விட்டு இரட்டையரில் மட்டும் ஆட முடிவெடுத்தார். ஓட்டம் குறைந்த களத்தில் அவருடைய முன்கை அடி முழுப் பலன் தந்தது.

இரட்டையர் இன்னொரு கதவையும் திறந்தது. தொழில்முறைச் சுற்றில் துணைக்கு நாட்டெல்லை கிடையாது. யாரும் யாரோடும் சேரலாம். உள்நாட்டில் தனக்கு நிகரான ஆட்டக்காரி இல்லாதவரும் உலகத்தின் சிறந்தவரைத் தேடிச் சேர முடியும். சானியா அதைத்தான் செய்தார்.

யாரோடு வென்றார்

2003இல் விம்பிள்டன் ஜூனியர் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருடைய துணை ரஷ்யாவின் அலீசா கிளெய்பனோவா. 2004 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம் வந்தது, அதுவும் இரட்டையரில்தான். துணை, தென்னாப்பிரிக்காவில் பிறந்த லீசல் ஹூபர். பிறகு ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் 2014இல் ஆண்டிறுதி டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் பட்டத்தை வென்றார்.

2015 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்தார். இருவரும் ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும், இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என வரிசையாகப் பட்டம் வென்றார்கள். அதன் முடிவில், ஏப்ரல் 13 அன்று, சானியா இரட்டையர் தரவரிசையின் முதலிடத்தை அடைந்தார். எந்த இந்தியப் பெண்ணும் அதுவரை தொடாத இடம் அது. ஜூலையில் விம்பிள்டன் இறுதிப்போட்டியில் ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா இணைக்கு எதிராகக் கடைசி செட்டில் 2-5 எனப் பின்தங்கியிருந்து மீண்டு வென்றார்கள். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனும், அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனும் அவர்கள் கைக்கே வந்தன. தொடர்ந்து 41 ஆட்டங்கள் தோல்வியின்றி ஆடினார்கள். ஹிங்கிஸ் வலையருகே இடைவெளியை முன்கூட்டியே படித்து மூடிவிடுவார். சானியா பின்களத்திலிருந்து ஓங்கி அடித்து எதிரணியைத் தற்காப்புக்குத் தள்ளுவார். ஒருவரின் பலவீனத்தை மற்றவரின் பலம் மூடிய இணை அது.

2023 பிப்ரவரியில் துபாயில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 43 இரட்டையர் பட்டங்களும், முதலிடத்தில் 91 வாரங்களும், ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் இருந்தன. ஆறில் மூன்று பெண்கள் இரட்டையர், மூன்று கலப்பு இரட்டையர். கலப்பு மூன்றில் இரண்டை மகேஷ் பூபதியோடு வென்றார்: 2009 ஆஸ்திரேலியா, 2012 பிரான்ஸ். பெண்கள் இரட்டையரில் வென்ற மூன்றும் ஹிங்கிஸோடு வென்றவை. உலகத் தரத்தில் நிற்கும் ஆண் துணை அவருக்கு இந்தியாவுக்குள்ளேயே கிடைத்தார். அந்தத் தரத்தில் பெண் துணை கிடைக்கவில்லை.

கொடி கட்டிய நாட்களில்

இந்த இடைவெளி ஒலிம்பிக்கில் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே சொந்த நாட்டவரோடு மட்டுமே சேர முடியும். 2008 பெய்ஜிங்கில் சானியாவின் துணை, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சுனிதா ராவ். 2012 லண்டனில் ருஷ்மி சக்ரவர்த்தி. வைல்டு கார்டில் கிடைத்த வாய்ப்பு. தைவானின் ஷே சு வெய், சுவாங் சியா ஜுங் இணையிடம் முதல் சுற்றிலேயே மூன்று செட்டில் தோல்வி. 2016 ரியோவில் சானியா உலகின் முன்னணி இரட்டையர் வீராங்கனை. துணை, தரவரிசையில் வெகு தொலைவில் இருந்த பிரார்த்தனா தோம்பரே. சீனாவின் பெங் ஷுவாய், ஷாங் ஷுவாய் இணையோடு கடைசிவரை போராடி, மூன்று செட்டில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அதே ரியோவில், அதே சானியா, ரோஹன் போபண்ணாவோடு கலப்பு இரட்டையரில் அரையிறுதிவரை போனார்.

2014 ஆசிய விளையாட்டிலும் இதே நிலைதான். சாகேத் மைனேனியோடு கலப்பு இரட்டையரில் தங்கம்; பிரார்த்தனாவோடு பெண்கள் இரட்டையரில் வெண்கலம்.

டோக்கியோ ஆட்டம் இவற்றில் மிகவும் வலித்தது. குழந்தை பிறந்தபின் களத்துக்குத் திரும்பிய சானியா, 2020 ஜனவரியில் ஹோபர்ட்டில் உக்ரைனின் நதியா கிச்செனோக்குடன் சேர்ந்து பட்டம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் எதிரே நின்றவர் அதே நதியா. அவர் பக்கத்தில் அவருடைய இரட்டைச் சகோதரி லியுட்மிலா. சானியாவும் அங்கிதா ரெய்னாவும் முதல் செட்டை 6-0 என வென்றார்கள். இரண்டாம் செட்டை டை பிரேக்கில் இழந்து, தீர்மான டை பிரேக்கில் 8-10 என வீழ்ந்தார்கள். சிறு வயதிலிருந்து சேர்ந்தே ஆடிய சகோதரிகளுக்கு நெருக்கடியில் ஒருவர் அசைவு மற்றவருக்குத் தெரியும். ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே சேர்ந்து ஆடிய இணைக்கு அந்தப் புரிதல் வாய்க்க வழியில்லை.

இந்தத் தோல்விகளில் ருஷ்மி, பிரார்த்தனா, அங்கிதா ஆகியோரைக் குறைசொல்ல ஏதுமில்லை. சிறிய பரிசுத்தொகைப் போட்டிகளில், பெரும்பாலும் சொந்தச் செலவில், பயிற்சியாளர் உடன்வர வசதியின்றி ஊர் ஊராகச் சுற்றித் தங்கள் தரத்தைக் காத்தவர்கள் அவர்கள். அவர்கள் அடையக்கூடிய உயரத்துக்கு ஏணி போட வேண்டியவர்கள் போடவில்லை.

சீனா எடுத்த வழி

2004 பிப்ரவரியில் ஹைதராபாத் இறுதிப்போட்டியில் சானியாவும் ஹூபரும் தோற்கடித்தது லீ டிங், சுன் டியான்டியான் என்ற சீன இணையை. ஆறு மாதம் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் தங்கத்தை வென்றவர்கள் அதே லீயும் சுன்னும்தான். 2006இல் ஷெங் ஜியே, யான் ஸி என்ற இன்னொரு சீன இணை ஆஸ்திரேலிய ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றது. 2008இல் ஷெங் ஜியே விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதிக்குப் போனார். 2011இல் லீ நா பிரெஞ்சு ஓப்பன் ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

சீனா இரட்டையரை ஒற்றையருக்கான படியாகப் பயன்படுத்தியது. ஒரே முகாமில், ஒரே பயிற்சியில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடும் இணைகளை வளர்த்தது. பெரிய அரங்குகளில் வென்ற பழக்கம் அந்தப் பெண்களுக்கு ஒற்றையரிலும் தைரியம் தந்தது. சீனாவின் அரசுமைய முறையில் நாம் ஏற்கத் தகாதவை பல உண்டு. அந்த முறையை எதிர்த்து வெளியேறியவர்களில் லீ நாவும் ஒருவர். ஆனாலும் இணைகளைத் திட்டமிட்டு வளர்க்க முடியும் என்பதை அவர்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். 2004 பிப்ரவரியில் நம் வீராங்கனையிடம் தோற்றவர்கள், ஆகஸ்டில் ஒலிம்பிக் மேடையின் உச்சியில் நின்றார்கள். அவர்கள் இருவராகப் போனார்கள். நம்மிடம் ஒருவர்தான் இருந்தார்.

கிடைத்த சிறு வெளிச்சங்கள்

உள்நாட்டு இணைக்கு வாய்ப்பும் காலமும் கிடைத்தபோது பலன் வந்ததற்கும் சான்று உண்டு. 2018 பிப்ரவரியில் ஃபெட் கோப்பையின் ஆசிய ஓசியானிய ஆட்டங்கள் டெல்லி ஆர்.கே. கன்னா அரங்கில் நடந்தன. அந்த அணியில் ஆடிய அங்கிதா ரெய்னாவும் டெல்லியில் பிறந்த கர்மன் கௌர் தாண்டியும் அதே ஆண்டு நவம்பரில் தைபேயில் டபிள்யூ.டி.ஏ. சேலஞ்சர் இரட்டையர் பட்டத்தைச் சேர்ந்து வென்றார்கள்.

2020 மார்ச்சில் துபாயில் நடந்த ஃபெட் கோப்பைப் பிரிவில் ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். ஒற்றையரில் சமநிலை வந்தால் இரட்டையர்தான் தீர்ப்பு. சானியாவும் அங்கிதாவும் அந்தத் தீர்ப்பு ஆட்டங்களை வென்று தந்ததால் இந்தியா முதன்முறையாக உலகப் பிரிவின் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஆனால் 2021 பிப்ரவரியில் அங்கிதா தன் முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டத்தை மெல்போர்னில் வென்றபோது துணை ரஷ்யாவின் கமிலா ரக்கிமோவா. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ருதுஜா போசலே தங்கம் வென்றார்; அதுவும் போபண்ணாவோடு கலப்பு இரட்டையரில். வெளிநாட்டுத் தோழி, அல்லது உள்நாட்டு ஆண் துணை. இந்தியப் பெண் வெல்லும் வழிகளாகப் பெரும்பாலும் இவை இரண்டே நீடிக்கின்றன.

செய்ய வேண்டியவை

ஒரு நாட்டின் பெண்கள் டென்னிஸ் எவ்வளவு ஆழமானது என்று அளக்க, அதன் முதல் வீராங்கனையின் தரவரிசையைப் பார்த்தால் போதாது. அவர் பக்கத்தில் நிற்கும் இரண்டாம் வீராங்கனையின் தரவரிசையைப் பார்க்க வேண்டும். முதலாமவர் குடும்பத்தின் தியாகத்தாலும் தனித்திறமையாலும் எழுந்துவிடலாம். இரண்டாமவர் அமைப்பால் மட்டுமே எழுவார்.

டெல்லியில் இருக்கும் தேசியச் சங்கமும், சென்னை உட்பட மாநிலச் சங்கங்களும் செய்யக்கூடியவை உண்டு. ஒலிம்பிக் சுழற்சி தொடங்கும்போதே நான்கைந்து பெண்கள் இணைகளைத் தெரிந்தெடுத்து, நான்கு ஆண்டும் அவர்கள் சேர்ந்து ஆட பயணச் செலவும் பயிற்சியாளரும் தர வேண்டும். பெண்களுக்கான சர்வதேசத் தரவரிசைப் போட்டிகள் நம் ஊர்களில் அடிக்கடி நடக்க வேண்டும்; உள்ளூரில் புள்ளி சேர்க்க முடிந்தால் நடுத்தரக் குடும்பத்துப் பெண் பதினெட்டு வயதில் மட்டையைக் கீழே வைக்க மாட்டாள். 2022இல் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்தபோது திரண்ட கூட்டம், பெண்கள் டென்னிஸுக்கு இங்கே பார்வையாளர் உண்டு என்பதைக் காட்டியது. தேசிய வாகைப் போட்டிகளின் பெண்கள் இரட்டையர் பட்டியலை ஆரம்பம் முதல் தொகுத்து, எல்லோரும் காணும்படி வெளியிட வேண்டும். ஒற்றையர் வாகையர் பெயர்களே மங்கிக்கொண்டிருக்கும் நாட்டில், இரட்டையரில் வென்றவர்களின் பெயர்கள் முதலில் அழிந்துபோகின்றன.

பெண் குழந்தையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் தனியாக வெல்வதை மட்டும் எண்ணாதீர்கள். பக்கத்துத் தெருப் பெண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்; இருவரும் ஒரே பக்கத்தில் நின்று ஆடிப் பழகட்டும். சானியாவுக்கு உலகம் தோழிகளைத் தந்தது. அடுத்து வரும் சானியாவுக்குத் தோழியை இந்தியா தர வேண்டும்.